கேமிங் லேப்டாப்பில் எந்த டிரைவ்: காசை எங்கே போடலாம், எங்கே மிச்சம் பிடிக்கலாம்

ஒரே மாடல், ஒரே திரை, ஒரே பிராசசர், ஆனால் 512 ஜிபி எஸ்எஸ்டி (ஃபிளாஷ் சிப்களில் தகவலைச் சேமிக்கும் டிரைவ்) உள்ளது ஒரு விலை, 1 டிபி உள்ளது இன்னொரு விலை. பட்ஜெட்டுக்குள் கேமிங் லேப்டாப் தேடுகிற எல்லோரும் ஒரு கட்டத்தில் இந்த இடத்தில் வந்து நிற்பார்கள். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நல்ல கிராபிக்ஸ் சிப் உள்ள மாடலாகப் பார்த்து, அதில் சின்ன டிரைவ் உள்ளதை எடுங்கள், ஸ்டோரேஜை அப்புறம் நீங்களே சேர்த்துக்கொள்ளலாம். கேமிங் லேப்டாப்பில் பிராசசரும் கிராபிக்ஸ் சிப்பும் அநேகமாக எப்போதும் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும், வாங்கிய நாளில் என்ன இருக்கிறதோ கடைசி வரைக்கும் அதுதான். ஒரு ஸ்க்ரூ டிரைவரை வைத்துக்கொண்டு நாமே மாற்றித் திறனைக் கூட்டக்கூடியவை பெரும்பாலும் ரேமும் டிரைவும்தான், சில மெல்லிய மாடல்களில் ரேமும்கூட போர்டோடு ஒட்டித்தான் வருகிறது. அப்படியென்றால் கையில் இருக்கும் பணம் முதலில் மாற்ற முடியாததற்குப் போக வேண்டும். பெரிய டிரைவுக்காக லேப்டாப் தயாரிப்பாளர் கூடுதலாகக் கேட்கும் தொகையையும், அதே அளவு டிரைவைத் தனியாக வாங்கினால் ஆகும் தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பல நேரம் தனியாக வாங்குவதுதான் மலிவு, அதோடு லேப்டாப்போடு வந்த டிரைவும் நம் கையிலேயே இருக்கும்.

ஆனால் இந்தக் கணக்கு சரியாக வர வேண்டுமானால் லேப்டாப்புக்குள் இடம் இருக்க வேண்டும். அதனால் டிரைவைத் தேடுவதற்கு முன்னால் ஸ்லாட்டைத் தேடுங்கள். விளம்பரத்தில் 'எம்.2 எஸ்எஸ்டி' என்று போட்டிருப்பதை வைத்து எதையும் முடிவுசெய்ய முடியாது. எம்.2 என்பது டிரைவின் வடிவத்தையும் இணைப்பையும் சொல்லும் பெயர், வேகத்தைச் சொல்வது இல்லை. அந்த வடிவத்துக்குள் பழைய, மெதுவான இணைப்பான சாட்டா வகை டிரைவும் வரும், புதிய, வேகமான என்விஎம்இ வகை டிரைவும் வரும், இரண்டையும் கையில் வைத்துப் பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியாது, ஆனால் என்விஎம்இ மட்டும் ஏற்கும் ஸ்லாட்டில் சாட்டா டிரைவைப் போட்டால் லேப்டாப் அதைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. இப்போது வரும் கேமிங் லேப்டாப்களில் பெரும்பாலும் என்விஎம்இ ஸ்லாட்தான், ஆகவே மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக எம்.2 சாட்டா டிரைவை வாங்கிவிடாதீர்கள்.

அப்புறம் நீளம். டிரைவின் மேல் 2280, 2242, 2230 என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள், முதல் இரண்டு இலக்கம் அகலம், அது எல்லாவற்றுக்கும் 22 மில்லிமீட்டர், அடுத்த இரண்டும் நீளம். 2280 தான் எங்கும் கிடைப்பது, விலையும் குறைவு, தேர்வும் அதிகம். சின்ன நீளத்துக்கு மட்டும் இடம் விட்டிருக்கும் லேப்டாப்பில் பிற்பாடு 2 டிபி போடலாம் என்று நினைத்தால், கிடைக்கும் மாடல்கள் குறைவாகவும் விலை கூடுதலாகவும் இருக்கும். சில லேப்டாப்களில் கம்பெனி 2242 டிரைவைப் போட்டு அனுப்பியிருக்கும், ஆனால் போர்டில் 2280க்கான திருகு துளையும் இருக்கும். இந்த மாதிரி விஷயங்களை விற்பனைப் பக்கம் சொல்லாது. தயாரிப்பாளரின் தளத்தில் அந்த மாடலுக்கான சர்வீஸ் மேனுவல் பிடிஎஃப் கிடைத்தால் அதை இறக்கிப் பாருங்கள், பின் மூடியைக் கழற்றிய படம் அதில் இருக்கும், ஸ்லாட் எத்தனை, எவ்வளவு நீளம், எந்த வகை என்பதை அங்கே சரிபார்க்கலாம். ஒரே பெயரில் வரும் மாடலுக்குள்ளேயே வருஷத்துக்கு வருஷம் போர்டு மாறும் என்பதால் மாடல் எண்ணைக் கடைசி எழுத்து வரைக்கும் ஒப்பிட்டுப் பார்ப்பது அவசியம்.

இரண்டாவது எம்.2 ஸ்லாட் காலியாக இருக்கும் லேப்டாப் கிடைத்தால் பாதிக் கவலை தீர்ந்தது. பழைய டிரைவைத் தொடவே வேண்டாம், விண்டோஸை மறுபடி போட வேண்டாம், புது டிரைவைச் செருகி ஃபார்மட் செய்து கேம்களை அதில் வைத்துக்கொள்ளலாம். இந்த இரண்டாவது ஸ்லாட் சில மாடல்களில் முதல் ஸ்லாட்டைவிட ஒரு தலைமுறை பழைய வேகத்தில் ஓடும், அது ஒன்றும் பெரிய குறை இல்லை, ஏன் என்று கீழே சொல்கிறேன். 2.5 அங்குல டிரைவுக்கான இடம் பழைய மாடல்களில் இருந்தது, இப்போது அபூர்வம். அந்த இடம் உள்ள மாடல்களிலும் பெரிய பேட்டரி உள்ளதை எடுத்தால் பேட்டரியே அந்த இடத்தை அடைத்துக்கொள்வது உண்டு.

சரி, வேகத்துக்கு வருவோம். காசு அதிகம் வீணாவது இங்கேதான். பெட்டியில் போடும் எண்களை முதலில் பார்த்துவிடலாம். சாட்டா எஸ்எஸ்டி நொடிக்குச் சுமார் 550 எம்பி வரை படிக்கும், அந்த இணைப்பின் எல்லை அவ்வளவுதான். என்விஎம்இ டிரைவ்கள் பயன்படுத்தும் இணைப்பின் பெயர் பிசிஐஇ, 3.0, 4.0, 5.0 என்பவை அதன் தலைமுறைகள். பிசிஐஇ 3.0 என்விஎம்இ டிரைவ் சுமார் 3,500 எம்பி, 4.0 டிரைவ் 7,000 எம்பி வரை, 5.0 டிரைவ் 14,000 எம்பி வரை. ஹார்ட் டிஸ்க் 100 முதல் 150 எம்பி அளவில் நிற்கும். இந்த எண்களை மட்டும் பார்த்தால் 5.0 டிரைவில் கேம் சாட்டா டிரைவைவிட இருபது மடங்குக்கு மேல் வேகமாகத் திறக்க வேண்டும். அப்படி நடப்பதில்லை. என்விஎம்இ தலைமுறைகளுக்குள் லோடிங் நேர வித்தியாசம் பெரும்பாலான கேம்களில் ஓரிரு நொடிதான், சாட்டாவோடு ஒப்பிட்டாலும் பல கேம்களில் சில நொடிகளுக்கு மேல் போகாது.

காரணம், பெட்டியில் போடுவது ஒரு பெரிய ஃபைலை ஆரம்பத்திலிருந்து கடைசி வரை தொடர்ச்சியாகப் படிக்கும் வேகம். கேம் திறக்கும்போது நடப்பது வேறு: அமைப்பு, ஒலி, உருவம், அவற்றின் மேல்பூச்சு என்று ஆயிரக்கணக்கான சின்னத் துண்டுகளை டிரைவின் பல இடங்களிலிருந்து பொறுக்கி எடுக்க வேண்டும். ஒரு மூட்டையை ஒரேயடியாகத் தூக்கி வைப்பதற்கும், ஆயிரம் சின்னப் பொட்டலங்களை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்து வருவதற்கும் உள்ள வித்தியாசம் இது. ஹார்ட் டிஸ்க் தோற்றுப்போவது இதில்தான். நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும் தட்டு ஒரு சுற்று முடிக்கவே 11 மில்லிசெகண்டுக்கு மேல் ஆகும், அதன் மேல் ஊசி சரியான தடத்துக்கு நகர வேண்டும், ஆக ஒவ்வொரு சின்னத் துண்டுக்கும் ஒரு காத்திருப்பு. எஸ்எஸ்டியில் நகரும் பாகமே கிடையாது, அதனால் இந்தக் காத்திருப்பு நூறில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடுகிறது. ஹார்ட் டிஸ்கிலிருந்து ஏதோ ஒரு எஸ்எஸ்டிக்கு மாறுவதுதான் பெரிய தாவல். சின்னத் துண்டுகளை ஒவ்வொன்றாகப் படிக்கும் வேகத்தில் சாட்டா எஸ்எஸ்டிக்கும் நல்ல என்விஎம்இக்கும் உள்ள இடைவெளி இரண்டு மடங்கு அளவில்தான் இருக்கும், 3.0க்கும் 4.0க்கும் நடுவே அதைவிடக் குறைவு.

இன்னொரு காரணமும் உண்டு. கேம் ஃபைல்கள் சுருக்கி வைக்கப்பட்டவை. டிரைவ் எவ்வளவு வேகமாகக் கொடுத்தாலும் அதை விரித்து எடுப்பது பிராசசரின் வேலை, அது தன் வேகத்தில்தான் விரிக்கும். 2020 நவம்பரில் வந்த பிளேஸ்டேஷன் 5 இந்த விரிக்கும் வேலைக்கென்றே தனிச் சுற்று வைத்து, நொடிக்கு 5.5 ஜிபி படிக்கும் எஸ்எஸ்டியோடு வந்தது. கணினிப் பக்கம் அதே மாதிரி ஒரு வழியைத் திறக்க மைக்ரோசாஃப்ட் டைரக்ட்ஸ்டோரேஜ் என்ற ஒன்றை 2022 மார்ச்சில் கேம் தயாரிப்பாளர்களுக்குக் கொடுத்தது, விரிக்கும் வேலையை கிராபிக்ஸ் சிப்புக்கே தள்ளிவிடும் வசதி அந்த வருஷக் கடைசியில் சேர்ந்தது. அதை முழுமையாகப் பயன்படுத்தும் கேம்கள் இன்னும் கொஞ்சம்தான். நாளைக்கு அதிகமானாலும், சாதாரண 4.0 டிரைவே அதற்கும் போதும் என்பது என் எண்ணம். 5.0 டிரைவ் லேப்டாப்பில் தேவையே இல்லை: விலை கூடுதல், சூடு கூடுதல், பேட்டரியையும் தின்னும்.

அதற்காக இனி ஹார்ட் டிஸ்கில் கேம் வைத்து ஒப்பேற்றலாம் என்றும் நினைக்க வேண்டாம். 2023இல் வந்த ஸ்டார்ஃபீல்ட் எஸ்எஸ்டி கட்டாயம் என்று குறைந்தபட்சத் தேவையிலேயே எழுதியது, அதே வருஷம் சைபர்பங்க் 2077 தன் 2.0 அப்டேட்டோடு ஹார்ட் டிஸ்கைக் குறைந்தபட்சத் தேவையிலிருந்து எடுத்துவிட்டது. திறந்த உலக கேம்களில் நாம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்த தெரு டிரைவிலிருந்து வந்துகொண்டிருக்கிறது, டிரைவ் தாமதித்தால் கேம் நடுவே திக்கித் திக்கி நிற்கும். பழைய லேப்டாப்களில் வந்த, ஹார்ட் டிஸ்கோடு கொஞ்சம் ஃபிளாஷைச் சேர்த்த எஸ்எஸ்எச்டி என்ற கலப்பு வகையும் இதற்கு உதவாது, அவற்றில் பெரும்பாலானவற்றில் இருந்தது 8 ஜிபி ஃபிளாஷ் மட்டும்தான்.

ஆக, வேகத்துக்கு அதிகம் செலவழிக்க வேண்டாம் என்றால் காசை எதில் போடுவது? கொள்ளளவில். 512 ஜிபி என்று வாங்கும் டிரைவை விண்டோஸ் 476 ஜிபி என்றுதான் காட்டும், 1 டிபி என்றால் 931 ஜிபி. யாரும் ஏமாற்றவில்லை, டிரைவ் கம்பெனி ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறது, விண்டோஸ் 1,024ஆக எண்ணுகிறது. அதில் விண்டோஸ், அப்டேட்கள், ஹைபர்னேஷன் ஃபைல், தயாரிப்பாளர் ஒதுக்கிய ரிகவரி பகுதி எல்லாம் போக, 512 டிரைவில் கேமுக்கு 400 ஜிபிக்குச் சற்றுக் குறைவாகவோ கூடவோ மிஞ்சும். பால்டர்ஸ் கேட் 3 கேட்பது 150 ஜிபி, ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 அதே 150, ஸ்டார்ஃபீல்ட் 125. மூன்றையும் போட்டால் டிரைவ் நிரம்பிவிட்டது. இதில் பலர் கவனிக்காத ஒன்று, பெரிய அப்டேட் வரும்போது பழைய ஃபைலை வைத்துக்கொண்டே புதியதை எழுதும் கேம்கள் உண்டு, அந்த நேரத்துக்கு மட்டும் கூடுதல் இடம் வேண்டும். எஸ்எஸ்டியை விளிம்பு வரை நிரப்பினால் எழுதும் வேகமும் விழும், பத்தில் ஒரு பங்காவது காலியாக விடுவது நல்லது. இதனால்தான் மொத்தமாக 1.5 டிபி அளவு, அதாவது உள்ளே வந்த 512 ஜிபியோடு நாம் சேர்க்கும் 1 டிபி, பட்ஜெட்காரர்களுக்குச் சரியான இடம் என்று நினைக்கிறேன். 500 ஜிபி டிரைவை வாங்கிச் சேர்ப்பதை நான் சிபாரிசு செய்வதில்லை. ஒரு ஜிபிக்கு ஆகும் விலை அதில் பொதுவாகக் கூடுதல், சிப்கள் குறைவாக இருப்பதால் வேகமும் பெரிய அளவுகளைவிடக் குறைவாகவே இருக்கும்.

கொள்ளளவுக்கு அடுத்தது உள்ளே இருக்கும் ஃபிளாஷ் வகை. செல் என்பது ஃபிளாஷ் சிப்பில் தகவலைச் சேமிக்கும் மிகச் சின்ன அறை. டிஎல்சி என்றால் ஒரு செல்லில் 3 பிட், க்யூஎல்சி என்றால் 4 பிட். மூன்று பிட்டுக்கு 8 மின்னழுத்த நிலைகளைப் பிரித்தறிந்தால் போதும், நான்குக்கு 16 நிலைகள், அதனால் க்யூஎல்சியில் எழுதுவது மெதுவாகவும் செல்லின் ஆயுள் குறைவாகவும் இருக்கிறது. இதை மறைக்க எல்லா டிரைவும் ஒரு பகுதியை ஒரு செல்லுக்கு ஒரு பிட் என்ற கணக்கில் வைத்து வேகமான தற்காலிக இடமாகப் பயன்படுத்தும். அது நிரம்பியதும் உண்மையான வேகம் வெளியே வரும், சில க்யூஎல்சி டிரைவ்களில் அது நொடிக்கு 100 எம்பி அளவுக்கு, கிட்டத்தட்ட ஹார்ட் டிஸ்க் அளவுக்கு, விழுந்துவிடும்.

பயப்படுவதற்கு முன்னால் நம் பயன்பாட்டைப் பார்ப்போம். கேம் டிரைவில் எழுதுவது எப்போதாவது, படிப்பதுதான் தினமும். இணையத்திலிருந்து இறக்கும்போது, நொடிக்கு 100 மெகாபிட் இணைப்பு என்றால் டிரைவுக்கு வருவது நொடிக்கு 12.5 எம்பிதான், எந்த க்யூஎல்சியும் அதைச் சிரமமின்றி எழுதிவிடும். இன்னொரு டிரைவிலிருந்து 150 ஜிபி கேமை அப்படியே நகலெடுக்கும்போதுதான் வேகம் சரியும். அதனால் விண்டோஸ் இருக்கும் டிரைவுக்கு டிஎல்சி, கேம்களை மட்டும் வைக்கும் இரண்டாவது டிரைவுக்கு விலை வித்தியாசம் நன்றாக இருந்தால் க்யூஎல்சி போதும். விலை வித்தியாசம் சொற்பமாக இருந்தால் கேள்வியே இல்லை, டிஎல்சி எடுங்கள்.

ஆயுளைப் பற்றி நிறைய பேர் தேவைக்கு மேல் கவலைப்படுகிறார்கள். 1 டிபி டிஎல்சி டிரைவ்களுக்கு 600 டிபி எழுதும் வரை உத்தரவாதம் என்பது பரவலான அளவு. தினமும் 50 ஜிபி எழுதினால்கூட அதை எட்ட 32 வருஷம் ஆகும். க்யூஎல்சிக்கு 200 டிபி அளவில்தான் தருகிறார்கள் என்று வைத்துக்கொண்டாலும் பத்து வருஷத்துக்கு மேல் வருகிறது, லேப்டாப் அதற்கு முன்பே ஓய்வு பெற்றுவிடும்.

விலைப்பட்டியலில் 'டிராம் இல்லாதது' என்று ஒரு வகையைப் பார்ப்பீர்கள். எந்தத் தகவல் எந்தச் செல்லில் இருக்கிறது என்ற வரைபடத்தை வைத்துக்கொள்ள விலை உயர்ந்த டிரைவ்களில் டிராம் என்ற தனி வேக நினைவக சிப் இருக்கும். என்விஎம்இ டிரைவ்கள் அது இல்லாமலும் லேப்டாப்பின் ரேமிலிருந்து சில பத்து எம்பியைக் கடன் வாங்கிச் சமாளிக்கும், எச்எம்பி என்பது அந்த வசதியின் பெயர், விண்டோஸ் 10இல் 2017 முதல் அது இருக்கிறது. கேமுக்கு இது தாராளமாகப் போதும். சொல்லப்போனால் டிராம் இல்லாத 4.0 டிஎல்சி டிரைவ்தான் லேப்டாப்புக்கு மிகப் பொருத்தமான வகை என்பேன்: மின்சாரம் குறைவாக எடுக்கும், சூடும் குறைவு. சாட்டா டிரைவ்களுக்கு இந்தக் கடன் வசதி கிடையாது, அங்கே டிராம் இல்லாததைத் தவிர்ப்பது நல்லது.

ஒரு எச்சரிக்கை. டிரைவின் பெயர் அப்படியே இருக்க, உள்ளே இருக்கும் பாகம் மாறுவது இந்தத் துறையில் நடக்கிறது. 2021இல் க்ரூஷியல் பி2 டிரைவில் டிஎல்சி இருந்த இடத்தில் க்யூஎல்சி வந்திருப்பது சோதனைகளில் தெரியவந்து பெரிய பேச்சானது, வேறு சில கம்பெனிகளின் டிரைவ்களிலும் அதே வருஷம் இப்படிப்பட்ட மாற்றங்கள் வெளியே வந்தன. வாங்குபவருக்குச் செய்யும் அநியாயம் இது. பழைய விமர்சனத்தை நம்பி வாங்காமல், அண்மையில் எழுதப்பட்டதைப் பாருங்கள். ஃபிளாஷ் வகையைத் தகவல் தாளில் வெளிப்படையாக எழுதும் மாடலுக்கு முன்னுரிமை கொடுங்கள். 16 டிபி எக்ஸ்டர்னல் எஸ்எஸ்டி என்று நம்ப முடியாத மலிவு விலையில் வருவதைப் பக்கத்திலேயே சேர்க்காதீர்கள், உள்ளே சின்ன மெமரி கார்டு ஒன்றை வைத்துப் பொய்யான அளவைக் காட்டும்படி செய்திருப்பார்கள், உண்மையான இடம் தீர்ந்ததும் பழைய ஃபைலின் மேலேயே எழுதும். வாங்கியவுடன் எச்2டெஸ்ட்டபிள்யூ போன்ற இலவச மென்பொருளால் முழு அளவையும் எழுதிச் சரிபார்த்தால் தெரிந்துவிடும்.

லேப்டாப்புக்கு வாங்கும்போது ஒரு பக்கம் மட்டும் சிப் உள்ள டிரைவாகப் பாருங்கள், இரு பக்கமும் சிப் இருந்தால் சில மெல்லிய லேப்டாப்களில் உட்காராது. ஹீட்சிங்க் என்ற, சூட்டை வெளியேற்றும் உயரமான உலோகத் தகடு ஒட்டிய மாடல்கள் டெஸ்க்டாப்புக்கானவை, அவற்றுக்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். போர்டில் ஏற்கெனவே தெர்மல் பேட் (சூட்டைக் கடத்தும் மெத்தென்ற பட்டை) இருந்தால் அதை அப்படியே விடுங்கள்.

பொருத்துவது கஷ்டமான வேலை இல்லை: லேப்டாப்பை முழுவதுமாக அணைத்து, சார்ஜரை எடுத்து, பின் மூடியைக் கழற்றியதும் முதலில் பேட்டரி வயரைப் பிரித்துவிட்டு, டிரைவைச் சாய்வாகச் செருகி அழுத்தித் திருக வேண்டும். காலி ஸ்லாட்டுக்கான குட்டித் திருகு சில லேப்டாப்களோடு வருவதில்லை, முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். மூடியைத் திறந்தால் வாரண்டி என்ன ஆகும் என்பதையும் வாங்கும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஒரே ஸ்லாட் உள்ள லேப்டாப் என்றால் வேலை கொஞ்சம் கூடுதல், விண்டோஸைப் புது டிரைவுக்கு மாற்ற வேண்டும். குளோன்சில்லா போன்ற இலவச மென்பொருள் இருக்கிறது, சில டிரைவ் கம்பெனிகள் தங்கள் சொந்த நகலெடுக்கும் மென்பொருளையும் தருகின்றன. தொடங்குவதற்கு முன் ஒரு காரியம் கட்டாயம்: புது லேப்டாப்களில் டிரைவ் விண்டோஸின் பிட்லாக்கர் குறியாக்கத்தால் பூட்டப்பட்டே வருவது இப்போது சாதாரணம், அதற்கான 48 இலக்க ரிகவரி கீயை மைக்ரோசாஃப்ட் கணக்கிலிருந்து எடுத்து வேறு இடத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பயாஸில் (லேப்டாப்பின் அடிப்படை அமைப்பில்) ஏதாவது மாறியதும் லேப்டாப் கீயைக் கேட்டு நிற்கும். புதிதாகவே விண்டோஸ் போடுகிறீர்கள், இன்ஸ்டாலர் டிரைவையே காட்டவில்லை என்றால் டிரைவ் கெட்டுப்போனது என்று முடிவுகட்டித் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். இன்டெல் 11ஆம் தலைமுறை முதல் பல லேப்டாப்களில் விஎம்டி என்ற, டிரைவ்களைக் கையாளும் அமைப்பு ஆன் ஆகியிருக்கும், அதற்கான டிரைவர் ஃபைலை லேப்டாப் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து பென் டிரைவில் போட்டு இன்ஸ்டாலரிடம் காட்டினால் டிரைவ் தெரியும்.

கழற்றிய பழைய என்விஎம்இயை ஒரு யுஎஸ்பி பெட்டியில் போட்டால் நல்ல எக்ஸ்டர்னல் டிரைவ். நொடிக்கு 10 கிகாபிட் வகைப் பெட்டியாகப் பார்த்து எடுத்தால், லேப்டாப்பின் போர்ட்டும் அதே வகை என்றால், சுமார் 1,000 எம்பி வேகம் வரும், கேமை நேராக அதிலிருந்தே ஓட்டலாம். வீட்டில் பழைய ஹார்ட் டிஸ்க் ஏதாவது இருந்தால் அதற்கும் வேலை இருக்கிறது: இப்போது விளையாடாத கேம்களையும், கிளவுடில் சேமிக்காத கேம்களின் சேவ் ஃபைல்களையும் அதில் ஒரு நகல் போட்டு வையுங்கள். கேமை எப்போது வேண்டுமானாலும் மறுபடி இறக்கிக்கொள்ளலாம், சேவ் ஃபைல் போனால் போனதுதான்.